மேஜையில் துளையிட்ட மதாம்

மலர்க் குழு நண்பர்கள் போனில் கூப்பிட்டு, யாராவது ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையைப் பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடு என்றபோது, அவர்கள் மனதில் விஸ்வேஸ்வரய்யாவோ ராமானுஜனோ இருந்திருக்க வேண்டும். அவர்களைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம் சங்கத்திலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது ஒரு பிரெஞ்சு அம்மாளைப் பற்றி. பெயர் பார்ப் நிக்கோல் கிளிகோ. 1777-ல் பிறந்து 1866-ல் காலமானவர். ஷாம்பேன் வியாபாரி. எந்தக் கல்லூரியிலும் படித்தவர் அல்ல. ஆனால் நாமெல்லாம் மூன்றாம் வருஷத்தில் விழுந்து விழுந்து படித்த ப்ரொடக்ஷன் இன்ஜினியரிங் புத்தகத்தில் இவருக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கியிருக்கலாம் என்பது என் கட்சி.

கல்லூரி மலரில் மதுவுக்கு விளம்பரமா என்று முகம் சுளிக்கும் மூத்த மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் குடிப்பவன் இல்லை. என் ஹாஸ்டல் விங் நண்பர்கள் சாட்சி. (அவர்கள் சாட்சி எவ்வளவு செல்லும் என்பது வேறு விஷயம்.)

கம்பெனி வேலையாக, பாட்டில் நிரப்பும் இயந்திரம் ஒன்றைப் பார்த்துப் பழகிக்கொள்ள 2019-ல் மூன்று வாரம் பிரான்சில் இருந்தேன். தங்கியிருந்த ஊர் ரெய்ம்ஸ். எழுதுவதுதான் ரெய்ம்ஸ், அங்கே போய் அப்படிச் சொன்னால் ஒருத்தருக்கும் புரியாது. மூக்கால் ரான்ஸ் என்கிற மாதிரி ஏதோ சொல்ல வேண்டும். பாரிசுக்கு வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டர். பிரான்சின் அரசர்கள் முடிசூடிக்கொண்ட பெரிய கதீட்ரல் இந்த ஊரில்தான் இருக்கிறது. அதைவிடப் பெரிய சங்கதி, ஊரைச் சுற்றியும் ஊருக்கு அடியிலும் இருக்கிறது. மேலே திராட்சைத் தோட்டம், கீழே சுண்ணாம்புக் குகை. இதுதான் ஷாம்பேன் பிரதேசம்.

திராட்சைக்கு இது சொகுசான இடமே இல்லை. 49-வது அட்சரேகை. வருஷத்துச் சராசரி வெப்பம் ஏறத்தாழ 11 டிகிரி. வசந்தத்தில் உறைபனி விழுந்தால் துளிர் கருகிவிடும். ஆனால் காலடியில் இருக்கும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை ஒரு அதிசயம். கடற்பஞ்சு மாதிரி ஒரு கன மீட்டருக்கு 300, 400 லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, கோடையில் வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். ரெய்ம்சுக்குத் தெற்கே காடு மூடிய குன்று. அதன் சரிவில் வெர்ஸெனே, வெர்ஸி, பூஸி என்று கிராமங்கள். அங்கே கறுப்புத் திராட்சை. இன்னும் தெற்கே கிராமான், அவீஸ் பக்கம் போனால் வெள்ளை. மார்ன் நதிக்கரையில் மூனியே என்ற இன்னொரு கறுப்பு ரகம். கறுப்புப் பழத்திலிருந்து வெள்ளை ஒயின் எப்படி வரும் என்று நானும் கேட்டேன். சாயம் தோலில்தான் இருக்கிறது, சாற்றில் இல்லை; அவசரமாக, மென்மையாகப் பிழிந்துவிட்டால் தோலின் நிறம் இறங்காது. 4,000 கிலோ பழத்திலிருந்து 2,550 லிட்டருக்கு மேல் சாறு எடுக்கக்கூடாது என்று சட்டமே உண்டு. அறுவடைக்கு இயந்திரம் கூடாது, கையால்தான் பறிக்க வேண்டும். இந்தத் தோட்டங்களையும் ஒயின் வீடுகளையும் நிலவறைகளையும் சேர்த்து 2015-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது.

சரி, அம்மாளிடம் வருவோம்.

தகப்பனார் நிக்கோலா பொன்ஸார்தேன், ரெய்ம்ஸில் பெரிய கம்பளித் துணி முதலாளி. பிரெஞ்சுப் புரட்சி வெடித்தபோது பெண்ணுக்குப் பதினொரு வயது. கான்வென்ட்டில் படித்துக்கொண்டிருந்த குழந்தையை, வீட்டுத் தையல்காரி ஏழை வேஷம் போட்டு ரகசியமாகக் கூட்டிப்போய் ஒளித்து வைத்தாள் என்று ஒரு கதை உண்டு. அப்பா கெட்டிக்காரர். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துப் புரட்சிக்காரர் ஆனார். பின்னால் நெப்போலியன் காலத்தில் ஊர் மேயராகி, பாரன் பட்டமும் வாங்கினார். தலை தப்பியது, சொத்தும் தப்பியது. அந்தக் காலத்தில் இரண்டும் தப்பிய குடும்பங்கள் குறைவு.

1798-ல் பிரான்சுவா கிளிகோவுடன் கல்யாணம். மாமனார் பிலிப் கிளிகோவும் ஜவுளிக்காரர்தான். ஜவுளியும் வங்கியும் முக்கியம். 1772-ல் ஆரம்பித்த ஒயின் வியாபாரம் ஒரு ஓரமாக. பிள்ளைக்கு ஒயின் மேல்தான் ஆசை. புதுப் பெண்டாட்டியும் கூடச் சேர்ந்துகொண்டாள். இருவரும் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். 1799-ல் க்ளெமென்தீன் என்ற பெண் குழந்தை. 1805 அக்டோபரில் பிரான்சுவா விஷக்காய்ச்சலில் இறந்துபோனார். தற்கொலை என்றும் ஊரில் பேச்சு கிளம்பிற்று. அம்மாளுக்கு வயது 27.

இங்கேதான் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். 1804-ல் நெப்போலியன் கொண்டுவந்த சிவில் சட்டப்படி, கல்யாணமான பெண் கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டியவள். அவன் சம்மதமின்றி ஒப்பந்தம் போட முடியாது, சொத்து விற்க முடியாது, கோர்ட்டுக்குப் போக முடியாது. கல்யாணமாகாத பெண் அப்பாவின் நிழலில் இருப்பாள். விதவைக்கு மட்டும்தான் தன் பெயரில் கையெழுத்துப் போட்டுக் கடை நடத்தலாம். அதாவது ஒரு பெண்ணுக்குச் சுதந்திரம் வேண்டுமென்றால் புருஷன் சாக வேண்டும்! இது ஏதோ பழங்காலத்துச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். பிரான்சில் ஒரு மனைவி கணவன் அனுமதி இல்லாமல் சொந்தமாக வங்கிக் கணக்குத் திறக்க 1965-ல்தான் சட்டம் வழிவிட்டது. ஷாம்பேன் ஊரில் பெரிய பெயர் எடுத்த பெண்களைப் பாருங்கள்: மதாம் பொம்மரி, மதாம் போலாஞ்சே. எல்லோரும் விதவைகளே. அந்த மண்ணில் விதவைகளுக்கு மட்டும் மூளை அதிகமா என்ன? மற்றப் பெண்களுக்குக் கதவு பூட்டியிருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் குடும்பத்தில் ஒரு அத்தை இருந்தார். மாமா போனபிறகு இரும்புக் கடையை இருபத்தைந்து வருஷம் தனியாளாக நடத்தினார். சரக்கு எடுக்க பஸ் ஏறித் தனியாகப் போய்வருவார். சின்ன வயதில் லீவுக்குப் போகும்போது கடைக் கணக்கைக் கூட்டிக் கொடுத்திருக்கிறேன். என் கூட்டலை அவர் மனக்கணக்கில் சரிபார்ப்பார். ஆனால் போர்டில் கடைசிவரை மாமா பெயர்தான். கல்யாண வீடுகளில் சமையல்கட்டுப் பக்கமே இருந்துவிட்டுக் கிளம்பிவிடுவார். முன்வரிசையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அந்த நினைவோடு ரெய்ம்ஸில் அந்த மஞ்சள் லேபிளைப் பார்த்தபோது, வீவ் என்றால் என்ன அர்த்தம் என்று கூட வந்த பிரெஞ்சு இன்ஜினியரிடம் கேட்டேன். விதவை என்றான், சர்வசாதாரணமாக. வீவ் கிளிகோ பொன்ஸார்தேன். தன் நிலைமையைக் கம்பெனிக்கே பெயராக வைத்து, பாட்டிலில் ஒட்டி, ராஜாக்களின் விருந்து மேஜைக்கு அனுப்பியிருக்கிறார் அந்த அம்மாள். அப்புறம்தான் அவரைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

மாமனார் கடையை மூடிவிடலாம் என்றுதான் நினைத்தார். ஒற்றைப் பிள்ளை போன துக்கம். மருமகள் விடவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனை வைத்தார்: அலெக்ஸாந்தர் ஃபூர்னோ என்ற அனுபவசாலியோடு கூட்டுச் சேர்ந்து நாலு வருஷம் தொழில் கற்றுக்கொள். நாம் செய்த அப்ரென்டிஸ்ஷிப் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்த நாலு வருஷமும் ஐரோப்பா முழுக்கப் போர். இங்கிலாந்துக்கு எதிராக நெப்போலியன் வணிகத்தடை போட, இங்கிலாந்து கடலை அடைக்க, சரக்குப் போக வழியில்லை. ஆம்ஸ்டர்டாம் போன சரக்கு அங்கேயே அடைபட்டு வீணாயிற்று. 1810-ல் கூட்டு முடிந்தது, ஃபூர்னோ விலகிக்கொண்டார். அம்மாள் தன் பெயரில் கம்பெனியைத் தொடங்கினார்.

அடுத்த வருஷம் வானத்தில் ஒரு வால்நட்சத்திரம். 1811-ம் வருஷத்து அந்த வால்நட்சத்திரம் பல மாதங்கள் வெறும் கண்ணுக்கே தெரிந்தது. நம் ஊராய் இருந்தால் பரிகாரம் தேடியிருப்போம். அங்கேயும் சகுனம் பேசினார்கள்தான். ஆனால் திராட்சை அந்த வருஷம் அமோகமாக விளைந்து, அந்த ஒயினுக்கே வால்நட்சத்திர ஒயின் என்று பெயராகிவிட்டது. நல்ல சரக்கு நிலவறை நிறைய இருக்கிறது, வாங்க ஆளில்லை. 1812-ல் நெப்போலியன் ரஷ்யா மீது படையெடுத்ததும் இருந்த பெரிய சந்தையும் போயிற்று. 1814 தொடக்கத்தில் ரஷ்யப் படைகளும் பிரஷ்யப் படைகளும் ரெய்ம்சுக்குள்ளேயே வந்துவிட்டன. பல வீடுகளின் நிலவறைகளைச் சிப்பாய்கள் காலி பண்ணினார்கள். குடித்தவர்கள் நாளைக்கு ஊருக்குப் போய் இதே ஒயினைக் கேட்பார்கள் என்று அம்மாள் கணக்குப் போட்டார் என்பார்கள். உண்மையோ பொய்யோ, அதற்கடுத்து அவர் செய்தது அந்தக் கணக்கைப் போட்டவர் செய்கிற காரியம்தான்.

ஏப்ரலில் நெப்போலியன் முடி துறந்தார். ரஷ்யத் தடை முறையாக நீங்குமுன்பே, எபெர்னே ஊரின் ழான் ரெமி மோயே போன்ற பெரிய போட்டியாளர்களுக்கு மூச்சு விடாமல், ஒரு டச்சுக் கப்பலை வாடகைக்குப் பிடித்தார். கப்பலின் பெயருக்கு ஆறு சகோதரர்கள் என்று அர்த்தம். சுமார் 10,500 பாட்டில்கள். கூடவே லூயி போன் என்ற விற்பனை ஏஜெண்ட். இந்த போன் பல வருஷமாக ஊர் ஊராக அலைந்து ஆர்டர் பிடித்தவர். இன்றைய சேல்ஸ் ஆசாமிகள் படம் மாட்டிக் கும்பிடலாம். கப்பல் மூழ்கினாலோ, சரக்கைப் பிடித்துக்கொண்டாலோ கம்பெனி கதை முடிந்தது. கப்பல் பால்டிக் கடலில் கோனிக்ஸ்பெர்க் துறைமுகத்தைச் சேர்ந்தது. வெயிலிலும் ஆட்டத்திலும் பாட்டில்கள் தாங்கி நின்றன. சரக்கைக் கேட்டு வியாபாரிகள் மொய்த்தார்கள். உடனே இரண்டாவது கப்பல். போட்டிக்காரர்கள் தூங்கி எழுந்தபோது பீட்டர்ஸ்பர்க்கில் எல்லோர் வாயிலும் கிளிகோ பெயர். புஷ்கின் தன் யெவ்கெனி ஒனேகின் காவியத்திலேயே இந்த விதவையின் ஒயினைக் குறிப்பிடுகிற அளவுக்கு.

இனிமேல்தான் நம் துறை. ஆர்டர் குவிகிறது; கொடுக்கச் சரக்கு வேகமாகத் தயாராகவில்லை. ஏன்?

ஷாம்பேனில் குமிழி எப்படி வருகிறது தெரியுமா? பீப்பாயில் ஒருமுறை நொதித்த ஒயினைப் பாட்டிலில் ஊற்றி, சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடிவிட்டால் உள்ளேயே இன்னொரு முறை நொதிக்கும். வெளியேற வழியில்லாத வாயு ஒயினிலேயே கரைந்து நிற்கும். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரைக்குச் சுமார் ஒரு அட்மாஸ்ஃபியர் அழுத்தம். இன்றைக்கு 24 கிராம் போட்டு 6 அட்மாஸ்ஃபியர் எடுக்கிறார்கள். நம் கார் டயரைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அம்மாள் காலத்தில் இந்தக் கணக்கு யாருக்கும் தெரியாது. சர்க்கரையை அளந்து போட ஷாலோன் ஊர் மருந்துக் கடைக்காரர் பிரான்சுவா என்பவர் வழி கண்டுபிடித்தது 1836-ல். ஈஸ்ட் உயிருள்ள பொருள், நொதித்தல் அதன் வேலை என்று பாஸ்டர் நிரூபித்தது 1850-களின் கடைசியில். அதுவரை எல்லாம் கைப்பக்குவம். சர்க்கரை கூடினால் பாட்டில் வெடிக்கும். ஒன்று வெடித்தால் பக்கத்தில் நாலு வெடிக்கும். பாதிக்குப் பாதி போன வருஷங்களும் உண்டாம். நிலவறைக்குள் போகிறவர்கள் முகத்துக்கு இரும்புக் கவசம் மாட்டிக்கொண்டு போனார்கள். கோலி சோடாக் கம்பெனியில் சாக்கைச் சுற்றிக்கொண்டு நிரப்புவார்களே, அதே பயம்.

வெடிக்காமல் தப்பிய பாட்டிலில் இன்னொரு தலைவலி. செத்த ஈஸ்ட் எல்லாம் அடியில் கசண்டாகத் தங்கிவிடும். நெய் காய்ச்சினால் கசண்டை வடிகட்டிவிடலாம். இதை வடிகட்டினால் வாயு போய்விடும். கலங்கலாக விற்றால் பிரபுக்கள் வாங்க மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு பாட்டிலையும் மெதுவாகச் சாய்த்துத் தெளிவை மட்டும் வேறு பாட்டிலுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். நேரமும் போகும், ஒயினும் போகும், குமிழியும் போகும். நாம் ப்ரொடக்ஷன் லைனில் பாட்டில்நெக் என்கிறோமே, இங்கே அது நேரடி அர்த்தத்தில்!

அம்மாளின் யோசனை எளிமையானது. கசண்டு அடியில் தங்குகிறதா? அப்படியானால் வாயையே அடியாக்கிவிட்டால்? பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தினால் கசண்டு கழுத்துக்கு வந்து தக்கை மேல் உட்காரும். தக்கையைத் திறந்தால் அழுத்தமே அதை வெளியே தள்ளிவிடும். தன் வீட்டுச் சமையலறை மேஜையை நிலவறைக்கு இறக்கி, அதில் வரிசையாகத் துளை போடச் சொன்னார் என்பது கம்பெனிக் கதை. 1816 வாக்கில் அவரும் நிலவறைத் தலைவர் அந்துவான் ம்யூல்லரும் இதைச் செய்து பார்த்துத் தேற்றினார்கள். துளையைச் சாய்வாக வெட்டினால் பாட்டிலைப் படுத்த நிலையிலிருந்து படிப்படியாக நிமிர்த்தலாம் என்பது ம்யூல்லர் யோசனையாம். வெறுமனே கவிழ்த்து வைத்தால் போதாது. கசண்டில் நைஸாக இருப்பது கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். தினமும் வந்து ஒரு குலுக்குக் குலுக்கி, சிறிது திருப்பி, இன்னும் கொஞ்சம் சாய்க்க வேண்டும். ஆறேழு வாரத்தில் மொத்தமும் தக்கைக்கு வந்துவிடும். பிறகு திறந்து கசண்டைப் பீய்ச்சி, குறைந்த அளவுக்கு இனிப்பு ஒயின் ஊற்றி, மறுபடி தக்கை. ஒயின் வைரம் மாதிரி தெளிவு.

ஆப்பரேஷனைப் பாருங்கள்: புதுப் பொருள் எதுவுமில்லை, புது விஞ்ஞானமும் இல்லை. புவியீர்ப்பும், ஒரு மேஜையும், பொறுமையும்தான். சில வருஷங்கள் ரகசியம் வெளியே போகாமல் பார்த்துக்கொண்டார்கள். தொழிலாளிகள் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்பதிலிருந்தே அம்மாள் அவர்களை எப்படி நடத்தியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. பிறகு எல்லா வீடுகளும் இதையே கைக்கொண்டன. மேஜை போய் ஆங்கில ‘ஏ’ எழுத்து வடிவ மரச்சட்டம் வந்தது. 1970-களில் அதையும் ஓரங்கட்டி இயந்திரம் வந்தது. 504 பாட்டில் கொண்ட கூண்டை மோட்டார் திருப்பும், ஒரு வாரத்தில் வேலை முடியும். நான் அதன் எதிரே அரை மணி நேரம் நின்றேன். கூண்டு செய்வது அந்த மேஜைக்காரர்கள் கை செய்ததைத்தான், இரவில் தூங்காமல்.

பிற்பாதி வாழ்க்கையை வேகமாகச் சொல்லிவிடலாம். 1820-களில் அம்மாள் வங்கி, ஜவுளி ஆலை என்று அகலக்கால் வைத்தார். அவரிடம் வேலைபார்த்த கெஸ்லர் என்ற ஜெர்மானியர் பிரிந்து போய் 1826-ல் எஸ்லிங்கனில் சொந்தமாகக் குமிழி ஒயின் ஆலை வைத்தார். 1828-ல் பாரிசில் ஒரு வங்கி முறிந்து, அதோடு இவர் வீடும் விழ இருந்தது. 1821-ல் சாதாரணக் குமாஸ்தாவாகச் சேர்ந்த எதுவார் வேர்லே என்ற இன்னொரு ஜெர்மானியர் தன் பொறுப்பில் கடன் திரட்டிக் காப்பாற்றினார். 1831-ல் அவரைக் கூட்டாளியாக்கினார். வங்கியும் ஜவுளியும் போதும், ஒயின் மட்டும் என்று முடிவானது. 1841-ல் அம்மாள் ஓய்வு பெற்றார்.

எனக்கு உறுத்துகிற ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். இவ்வளவு செய்தவர் தன் ஒரே மகளை நிலவறைப் பக்கமே விடவில்லை. 1817-ல் லூயி த ஷெவின்யே என்ற ஒரு பிரபுவுக்குக் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளைக்குப் பட்டம் உண்டு, செலவு செய்கிற கையும் உண்டு. அவர்களுக்காக மார்ன் நதிக்கு மேலே பூர்ஸோவில் 1840-களில் ஒரு மாளிகை எழும்பிற்று. ஒயின் சம்பாதித்தது கல்லாக நின்றது. கம்பெனியோ மகளுக்குமில்லை, பேத்திக்குமில்லை, வேர்லேக்குப் போயிற்று. தான் நுழைந்த கதவை மற்ற பெண்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை. தான் மறுமணம் செய்துகொள்ளாததற்கும் காரணம் அவருக்குத்தான் வெளிச்சம். செய்திருந்தால் மறுநாளே கையெழுத்து உரிமை புதுக் கணவனுக்குப் போயிருக்கும்.

கொள்ளுப் பேத்தி ஆன் மட்டும் பாட்டி மாதிரி. பின்னாளில் உஸெஸ் சீமாட்டியான அவர் 1898-ல் கார் ஓட்ட லைசென்ஸ் வாங்கினார். பிரான்சில் முதல் பெண் என்கிறார்கள். அதே வருஷம் பாரிஸ் பூங்காவில் அதிவேகமாக ஓட்டியதற்கு அபராதமும் கட்டினார். அதிவேகம் என்றால் மணிக்கு 15 கிலோமீட்டர்.

1866 ஜூலை 29-ல் பூர்ஸோ மாளிகையில் அம்மாள் காலமானார். வயது 88. மஞ்சள் லேபிள் அவருக்குப் பிறகு, 1877-ல் பதிவு செய்யப்பட்டது. கம்பெனி இன்று ஒரு பெரிய ஆடம்பரப் பொருள் குழுமத்தின் கையில் இருக்கிறது.

2010-ல் பின்லாந்தின் ஓலண்ட் தீவுகளுக்கு அருகே பால்டிக் கடலில், சுமார் 50 மீட்டர் ஆழத்தில், முழுகிய ஒரு கப்பலை முக்குளிப்பவர்கள் கண்டார்கள். 168 ஷாம்பேன் பாட்டில்கள். லேபிள்கள் எப்போதோ கரைந்துவிட்டன. தக்கையில் சுட்ட முத்திரையை வைத்துச் சிலவற்றை வீவ் கிளிகோ என்று அடையாளம் கண்டார்கள். அம்மாள் உயிரோடிருந்த காலத்துச் சரக்கு. ரெய்ம்ஸ் பல்கலைக்கழகத்தார் சோதித்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். திறந்ததும் ஈரமுடியும் பாலாடைக்கட்டியுமாக வாடை, கிளாஸைச் சுழற்றியபின் புகையும் தோலும் மசாலாவும். சர்க்கரை லிட்டருக்கு ஏறத்தாழ 150 கிராம். இன்றைய ப்ரூட் ரகத்தில் 12-ஐத் தாண்டக்கூடாது. ஆனால் அந்தக் காலத்து ரஷ்யர்கள் 300 கிராம் வரை கேட்டார்கள் என்று பழைய கடிதங்களில் இருப்பதால், இந்தக் கப்பல் ரஷ்யாவுக்குப் போயிருக்காது, ஜெர்மன் பக்கம் போயிருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். 300 கிராம் என்றால் நம் பாயசம்! 2011-ல் அந்த வீவ் கிளிகோ பாட்டில் ஒன்று 30,000 யூரோவுக்கு ஏலம் போனது.